எக்ஸ்பல்ஸ் 200 முன் ஃபோர்க்: வேற மாத்தணுமா, உள்ளேயே சரி பண்ணணுமா? எண்ணூர் மணல், நாகலாபுரம் கல்லு

#1 காசிமேட்டு ரைடர்

எல்லாருக்கும் வணக்கம். 2020 மாடல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் வெச்சிருக்கேன். மீட்டர் 31,000 கி.மீ. காட்டுது. நான் 92 கிலோ. பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப் பை எல்லாம் மாட்டினா சரியா 100 கிலோ.

வண்டி ஓடுற இடத்தைச் சொன்னாத்தான் பிரச்சினை புரியும். வார நாள்ல காசிமேட்டுல கிளம்பி எண்ணூர் விரைவுச் சாலை வழியா காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போறேன். கண்டெய்னர் லாரி நின்னு நின்னு தார் ரெண்டு பக்கமும் பிதுங்கி, நடுவுல வாய்க்கால் மாதிரி பள்ளம். ஞாயித்துக்கிழமை காளாஞ்சி பக்கம் சவுக்குத் தோப்பு மணல், அப்படியே பழவேற்காடு வரை. மாசத்துக்கு ஒருதரம் நாகலாபுரம் மலையடிவாரம். அங்க முழுக்க உருண்டைக் கல்லு, ஓடை.

முன்சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க்குதான் பிரச்சினை. முன் பிரேக் பிடிச்சா மூக்கு அப்படியே கவுந்துடுது. கொஞ்சம் ஆழமான பள்ளம்னா 'டொம்'முனு அடியில இடிக்குது. மணல்ல முன்சக்கரம் உழுதுகிட்டே போய் ஹேண்டில் மடங்குது. ரெண்டு தரம் விழுந்துட்டேன். இடது பக்க ஆயில் சீல் வேற கசியுது.

முதல் தலைமுறை கேடிஎம் 390 டியூக்கோட தலைகீழ் ஃபோர்க் (பருமனான குழாய் மேல இருக்கிறது), அதை ஃப்ரேம்ல பிடிக்கிற டி ஸ்டெம்மோட சேர்த்து புதுப்பேட்டையில 18,000 சொல்றாங்க. முன்னாடி பின்னாடி ரெண்டையும் உசத்துற ரேலி கிட்டும் யோசிச்சேன். இல்ல, இருக்கிற ஃபோர்க்குலயே ஸ்பிரிங், ஆயில் மாத்தினா போதுமா? சம்பளத்துல சேத்து வெச்ச காசு. ஒரு தடவைதான் செலவு பண்ண முடியும்.

#2 எண்ணூர் அலை

தல, யோசிக்காம டியூக் ஃபோர்க்கைப் போடு. நம்ம ஏரியாவுல ஒரு பையன் போட்டிருக்கான், பாக்கவே கெத்தா கீது. 43 மி.மீ. பைப்பு, உன்னுது 37. பிரேக் பிடிச்சா முன்னாடி கவுறதே இல்ல. நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

#3 ஒற்றியூர் மெக்கானிக்

தம்பி, காசை எடுத்து வெளிய வெக்கறதுக்கு முன்னாடி ஒரு டேப்பை எடு. முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். 'ஃபோர்க் சரியில்லண்ணே'ன்னு வர்ற வண்டியில பாதிக்கு மேல ஃபோர்க்குல குறையே இருக்காது. பழைய ஆயில், கோணலா பூட்டின ஆக்சில், ஓட்டற ஆளு எடைக்கு ஒத்துவராத ஸ்பிரிங், இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும்.

முதல்ல வண்டி எவ்ளோ உட்காருதுன்னு பாரு. ஸாக்னு சொல்லுவாங்க. உன் வண்டியில ரப்பர் பூட் இருக்கறதால பைப்புல கேபிள் டை போட்டு அளக்க முடியாது. ஆக்சில் நடுவுலேர்ந்து கீழ் டி வரைக்கும் டேப் பிடி.

முன்சக்கரத்தைத் தரையை வுட்டுத் தூக்கி ஃபோர்க் முழுசா நீண்டிருக்கும்போது ஒரு அளவு. அப்பால கீழ இறக்கி, ஆளு ஏறாம ஒரு அளவு. அப்பால முழு உடுப்போட நீ உக்காந்து ஒரு அளவு, கால் ரெண்டும் ஃபுட்ரெஸ்ட்ல இருக்கணும், பின்னாடி ஒருத்தர் லேசா பிடிச்சுக்கட்டும். கடைசி ரெண்டையும் ரெண்டு விதமா எடுக்கணும். ஃபோர்க்கை அமுக்கி மெதுவா மேல வர வுட்டு ஒண்ணு, தூக்கி மெதுவா கீழ இறங்க வுட்டு ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுதான் உன் ஸாக். ரெண்டும் ரொம்பத் தள்ளித் தள்ளி வந்தா உள்ள பிடிக்குதுன்னு அர்த்தம், அதை வேற மாதிரி பாக்கணும்.

வீட்ல எடை பாக்கற மெஷின் இருந்தா முன்சக்கரத்தை அதுமேல ஏத்து. பின்சக்கரத்துக்கு அதே உசரத்துல பலகை போடு. ஆளோட எவ்ளோ, ஆளில்லாம எவ்ளோன்னு எழுதி அனுப்பு.

#4 காசிமேட்டு ரைடர்

அண்ணே, நேத்து ராத்திரி தம்பியை வெச்சு அளந்துட்டேன். முழுசா நீண்டதுலேர்ந்து எவ்வளவு இறங்குச்சுன்னு கழிச்சுப் போட்டிருக்கேன்.

ஆளில்லாம: அமுக்கி விட்டா 52 மி.மீ., தூக்கி விட்டா 24.
நான் உக்காந்தா: அமுக்கி விட்டா 98, தூக்கி விட்டா 70.
முன்சக்கர எடை: ஆளில்லாம 76 கிலோ, என்னோட சேர்த்து 114 கிலோ.

#5 ஒற்றியூர் மெக்கானிக்

நல்லா அளந்திருக்க. இப்ப பாரு.

ஆளில்லாம சராசரி 38, உன்னோட 84. உன் வண்டியில முன்னாடி மொத்த ஓட்டமே, அதாவது ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரமே, 190 மி.மீ. நீ சும்மா உக்காந்தாலே அதுல 44 சதவீதம் காலி. மண்ணுல ஓட்டற வண்டிக்கு மூணுல ஒரு பங்கு, அதாவது 63 கிட்ட இருக்கணும். அதான் பள்ளத்துல விழுந்தா மிச்சம் இருக்கறது பத்தாம இடிக்குது. மணல்லயும் அதே கதைதான். மூக்கு தாழ்ந்தே கெடந்தா ஃபோர்க் கோணம் நிமிர்ந்து போகும், முன்னாடி எடை ஏறும், சக்கரம் மிதக்காம உழும்.

நீ ஏறினதால முன்னாடி கூடினது 38 கிலோ. அதுக்கு இறங்கினது 46 மி.மீ. 38ஐ 46ஆல வகுத்தா 0.83. ரெண்டு காலும் சேர்ந்து ஒரு மி.மீ. இறங்க 0.83 கிலோ, ஒரு காலுக்கு 0.41. ஃபோர்க் சாய்ஞ்சு நிக்கறதாலயும் உள்ள இருக்கற காத்தாலயும் கொஞ்சம் முன்னப்பின்ன வரும், ஆனா முடிவெடுக்க இது போதும்.

114 கிலோவுல சக்கரம், பிரேக், ஃபோர்க்கோட கீழ்ப்பாகம் சுமார் 16 கிலோ ஸ்பிரிங் மேல உக்காரல. மிச்சம் 98. இந்த 98 கிலோவுக்கு உன் ஸ்பிரிங் 119 மி.மீ. அமுங்கும். 84தான் வெளிய தெரியுது, அப்ப 35 மி.மீ. மூடியைப் பூட்டும்போதே அமுங்கியிருக்கு. அதான் பிரீலோட். அதே 35ஐ வெச்சுக்கிட்டு ஸாக் 63 வரணும்னா 98ஐ 98ஆல வகு. ரெண்டு காலுக்கும் சேர்த்து 1.0, ஒரு காலுக்கு 0.50 ஸ்பிரிங். உனக்கு வேண்டியது அதுதான்.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. அமுக்கி வுட்டதுக்கும் தூக்கி வுட்டதுக்கும் 28 மி.மீ. வித்தியாசம் வருது, நல்ல ஃபோர்க்குல பாதிகூட வராது. ரெண்டு தரம் விழுந்தேன்னு சொன்னல்ல? பைப்பு டி-யில முறுக்கிக்கிட்டு நிக்குது. கீழ் டி போல்ட்டு, மட்கார்டு போல்ட்டு, ஆக்சிலை இறுக்கிப் பிடிக்கற பிஞ்ச் போல்ட்டு எல்லாத்தையும் லூஸ் பண்ணு. முன்சக்கரத்தைச் செவுத்துல முட்டி நாலு தரம் நல்லா அமுக்கு. அப்பால ஆக்சிலை டைட் பண்ணி, மறுபடி நாலு தரம் அமுக்கி, டி போல்ட்டையும் மட்கார்டு போல்ட்டையும் டைட் பண்ணி, கடைசியாத்தான் பிஞ்ச் போல்ட்டு. இந்த வரிசை மாறினா ரெண்டு காலும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே இருக்கும், எந்த சீலும் மூணு மாசம் தாங்காது.

#6 மாதவரம் டர்ட்

அண்ணன் சொன்னதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல, டியூக் ஃபோர்க் விஷயத்தைத் தவிர. மண் ட்ராக்குல பல வருஷம் ஓட்டினவன்கிற முறையில சொல்றேன்.

முதல் தலைமுறை 390 டியூக் ஃபோர்க்கோட ஓட்டம் 150 மி.மீ. உங்களுதுல 190. பணம் கொடுத்து 40 மி.மீ. குறைச்சுக்கிறீங்க. எண்ணூர் தம்பி சொன்ன மாதிரி பிரேக்குல கவுறாது, உண்மை. அது தார் ரோட்டுக்கு இறுக்கமா செஞ்ச ஃபோர்க். அதே இறுக்கம் நாகலாபுரம் கல்லுல உங்க மணிக்கட்டுல வந்து இறங்கும்.

அதோட முடியாது. ஃபோர்க் நீளம் குறைஞ்சா மூக்கு தாழும், இன்ஜின் அடிப்பாகம் கல்லுல தட்டும். டி ஸ்டெம்மோட நீளமும் கோன் செட் (ஸ்டியரிங் பேரிங்) அளவும் உங்க ஃப்ரேமுக்குப் பொருந்தணும், இல்லன்னா லேத்துல கடைஞ்சு புஷ் போடணும். ஆக்சில் வேற. 21 இன்ச் ஸ்போக் ரிம்மை அந்த ஆக்சில்ல மாட்ட ஹப் வேலை. காலிப்பர் மாட்டுற இடம் வேற, டிஸ்க் நடுவுக்கு வராது. ஹேண்டிலை முழுசா திருப்பினா பைப்பு டேங்க்ல முட்டாம ஸ்டாப்பர் வெல்டிங் பண்ணணும். ஸ்டியரிங் பகுதியில வெல்டிங் வெச்ச வண்டியில நான் என் தம்பியை ஏத்த மாட்டேன்.

தலைகீழ் ஃபோர்க்கே தப்புன்னு சொல்லல. பருமனான குழாய் மேல டி-க்குள்ள பிடிபடுறதால பிரேக்குலயும் குதிச்சு இறங்கும்போதும் வளையாது. நிஜ மோட்டோகிராஸ் வண்டி எல்லாமே அப்படித்தான். ஆனா அங்க 300 மி.மீ. கிட்ட ஓட்டம், உள்ள ஆயிலை அடக்குற மூடின கார்ட்ரிட்ஜ், வெளிய கம்ப்ரெஷனுக்கும் (அமுங்கறது) ரீபவுண்டுக்கும் (திரும்பி நீளுறது) தனித்தனித் திருகு. வெறும் உருவத்தை மட்டும் எடுத்துட்டு வந்தா அந்த வேலை கூடவே வராது. பாதகமும் இருக்கு. குரோம் பைப்பு கீழ கல்லு தெறிக்கிற இடத்துல, சீல் அதுக்கு நேர் மேல. போச்சுன்னா ஆயில் ஈர்ப்புலயே டிஸ்க் மேல இறங்கும்.

புதுசு, விலை கூடினதுங்கிறதால மட்டும் நல்லதாயிடாது. 2013ல ஜப்பான் கம்பெனிங்க மோட்டோகிராஸ் வண்டியில ஸ்பிரிங்கை எடுத்துட்டுக் காத்து ஃபோர்க் கொண்டு வந்தாங்க. எடை குறைஞ்சுது, பம்ப் இருந்தா இறுக்கத்தை மாத்திக்கலாம். ஆனா ஓட ஓட சூடேறி அழுத்தம் மாறுது, சீல் ஒட்டல் அதிகம்னு ஓட்டுறவங்க சொல்லிச் சொல்லி, சில வருஷத்துல அவங்களே ஸ்பிரிங்குக்குத் திரும்பிட்டாங்க.

#7 எண்ணூர் அலை

ஓட்டம் கம்மின்னு எனக்குத் தெரியாது. சொன்னதுக்கு நன்றி. அந்தப் பையன் வண்டி ரோட்டுலதான் ஓடுது, மண்ணுல இறக்கினதில்ல, அதையும் சொல்லிடறேன்.

அப்ப ஒரு கேள்வி. 0.50 ஸ்பிரிங்கைத் தேடி எதுக்கு அலையணும்? எங்க பக்கம் மூடிக்குக் கீழ பிவிசி பைப்பை வெட்டி வெச்சுக் கெட்டி பண்ணுவாங்க. இல்லன்னா ஸ்பிரிங்ல நாலஞ்சு சுத்து வெட்டிட்டா கெட்டியாயிடும்னு சொல்றாங்க. இது ரெண்டும் வேலைக்கு ஆகாதா?

#8 மணலி லேத்

இந்தக் கேள்விக்கு நான் வர்றேன். காசிமேட்டு நண்பர் ஸ்பிரிங்கைக் கழட்டி என்கிட்ட கொண்டுவந்தார். அளவு இது: கம்பி 4 மி.மீ., 45 சுத்து, நீளம் 420, சுருளோட நடு விட்டம் 24.

45 சுத்தும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா 45 பெருக்கல் 4, 180 மி.மீ. கட்டையாயிடும். 420ல 180 போனா 240. அந்த ஸ்பிரிங் தன் வாழ்க்கையில அமுங்கக்கூடிய தூரம் 240 மி.மீ.தான். பிரீலோட் 35, ஓட்டம் 190, மொத்தம் 225. 15 மி.மீ. கையில இருக்கு.

பிவிசி பைப்பு வெச்சு ஸாக்கை 63க்குக் கொண்டுவர இன்னும் 21 மி.மீ. திணிக்கணும். 225ம் 21ம் 246. ஸ்பிரிங்குக்கு இருக்கறது 240. கடைசி 6 மி.மீ.க்கு முன்னாடியே ஸ்பிரிங் இரும்புக் கட்டையாகி மூடியை இடிக்கும். அதோட ஸ்பிரிங் கொஞ்சம்கூடக் கெட்டியாகல. பிரீலோட் ஆரம்ப இடத்தைத்தான் மாத்தும், ஒவ்வொரு மி.மீ.க்கும் கூடுற பலம் அதேதான். ஆளில்லாத ஸாக் 38லேர்ந்து 17க்கு வந்துடும். அப்புறம் சின்னப் பள்ளத்துல சக்கரம் கீழ இறங்கித் தரையைப் பிடிக்க இடமே இருக்காது.

வெட்டுறது அதைவிட மோசம். 45ல 8 சுத்து வெட்டினா 37. கணக்குப்படி 0.41 வந்து 0.50 ஆகும், அது நிஜம். ஆனா நீளம் 345, கட்டை நீளம் 148, அமுங்கற தூரம் 197. தேவை 225. ஓட்டம் முடிய 28 மி.மீ. இருக்கும்போதே நின்னுடும். 190 மி.மீ. ஃபோர்க்கை 162 ஆக்கினதுதான் மிச்சம். வெட்டின முனை தட்டையா இல்லாததால உள்சுவரை உரசி ஆயில் முழுக்க இரும்புத்தூள் வேற.

சரியான வழி கம்பியை மாத்தறது. ஸ்பிரிங்கோட பலம் கம்பி விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். 4.0க்குப் பதில் 4.2 போட்டா 5 சதவீதம்தான் பருமன் கூடுது, பலம் 21 சதவீதத்துக்கு மேல கூடும். அதே 45 சுத்து, அதே 420 நீளம், பலம் 0.50. கட்டை நீளம் 189, அமுங்கற தூரம் 231. தேவை 225. 6 மி.மீ. மிச்சம், போதும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஸ்பிரிங் சுத்துற பட்டறைங்க இருக்கு. கம்பி விட்டம், சுத்து, நீளம், சுருள் விட்டம் நாலையும் எழுதிக் கொடுங்க. 'கொஞ்சம் கெட்டியா'ன்னு வாயால சொல்லிட்டு வராதீங்க. சுத்தினதுக்கு அப்புறம் சூடேத்திப் பதம் பண்ணி, ஒருதரம் கட்டையா அமுக்கி எடுத்த பிறகு நீளம் அளந்து வாங்குங்க. அதைச் செய்யாத ஸ்பிரிங் ரெண்டு மாசத்துல குட்டையாயிடும்.

#9 பெரம்பூர் எக்ஸ்பல்ஸ்

அண்ணன்களுக்கு வணக்கம். என் பிரச்சினை இதுக்கு நேர் எதிர். நான் 52 கிலோ, அதே வண்டி. மணலி சாலையில அரைமணி நேரம் போனா ரெண்டு கையும் மரத்துடுது. சின்னச் சின்ன மேடு பள்ளம்தான் உசிரை வாங்குது. பெரிய பள்ளத்துல ஒண்ணும் தெரியல. சீல் மாத்தும்போது 'கெட்டி ஆயில் போட்டிருக்கேன்மா, இனிமே கவுறாது'ன்னு கடையில சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் இப்படி. இங்க சொன்ன மாதிரி அளந்தேன், என்னோட சேர்த்து ஸாக் 38 வருது.

ஒவ்வொரு கடையிலயும் 'நீங்க லேடிஸ், கையில பலம் பத்தாது'ன்னே முடிச்சுடறாங்க. ஃபோர்க்கைத் தொட்டுக்கூடப் பாக்கறதில்ல. அதனாலதான் இங்க கேக்கறேன்.

#10 ஒற்றியூர் மெக்கானிக்

தங்கச்சி, உன் கையில குறையே இல்ல. 190ல 38ன்னா 20 சதவீதம்தான் உட்காருது. ஃபோர்க் உன்னைச் சுமக்கவே ஆரம்பிக்கல. கெட்டி ஆயில் ஊத்தினது அதுக்கு மேல.

நம்ம வண்டியில இருக்கறது டேம்பர் ராட் ஃபோர்க். உள்ள ஒரு குழாய், அதுல நாலஞ்சு ஓட்டை. ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் அந்த ஓட்டை வழியா பிதுங்கித்தான் போகணும். வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு நாலு மடங்காகும். பிரேக் பிடிச்சு மெதுவா கவுறும்போது எதிர்ப்பே இருக்காது, கூர்மையான கல்லுல சக்கரம் சடார்னு மேல வரும்போது ஆயில் போக வழியில்லாம கல்லாட்டம் நிக்கும். கெட்டி ஆயில் ஊத்தினா அந்த எதிர்ப்பு இன்னும் ஏறும். கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்குல மெல்லிய தகடுங்க வளைஞ்சு வழி வுடும், அதான் அதுக்கும் இதுக்கும் வித்தியாசம்.

பாட்டில் மேல 10டபிள்யூன்னு போட்டிருக்கறதை மட்டும் நம்பாதே. ஒரு கம்பெனியோட 10ம் இன்னொருத்தரோட 10ம் ஒண்ணா இருக்காது. பின்னாடி பொடி எழுத்துல 40 டிகிரியில எத்தனை சென்டிஸ்டோக்ஸ்னு இருக்கும், அதைப் பாத்து வாங்கு. கம்பெனி புக்குல சொன்ன ஆயிலுக்கே திரும்பு. பழசை முழுசா வடிச்சு மண்ணெண்ணெயில அலசிக் காய வெச்சு ஊத்தச் சொல்லு. ரெண்டு காலுக்கும் அளவுக் குடுவையில ஊத்தினா மட்டும் பத்தாது. ஸ்பிரிங்கை வெளிய எடுத்துட்டு, ஃபோர்க்கை முழுசா அமுக்கி, பைப்பு வாய்லேர்ந்து ஆயில் மட்டம் வரைக்கும் அளக்கணும். அந்தக் காத்து இடம் குறைஞ்சா கடைசியில இறுகும், கூடினா இலகும். ரெண்டு காலும் ஒரே அளவு இருந்தே ஆகணும். மூடிக்குக் கீழ ஸ்பிரிங் மேல இருக்கற குழாய்த் துண்டை, ஸ்பேசரை, 10 மி.மீ. குட்டையாக்கி மறுபடி அளந்து பாரு. அதுக்கும் பத்தலன்னா உனக்கு மெல்லிய கம்பி ஸ்பிரிங்தான்.

டயர் காத்தையும் பாரு. மண்ணுல 18, 20 பிஎஸ்ஐ வெச்சாலே பாதி அதிர்வு போயிடும். தாருக்கு வந்ததும் ஏத்திக்கோ.

#11 சோழவரம் பெரியவர்

பிள்ளைகள் அளந்து பேசுவதைப் படிக்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் வேலி ஓரம் நின்று பார்த்தவன் நான். திருவொற்றியூரில் 1956இல் புல்லட் கட்டத் தொடங்கிய ஊர் இது. ஃபோர்க் பிரிக்கும் கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. டெலிஸ்கோப் ஃபோர்க்குக்குள் ஆயிலை வைத்து அடக்கும் முறை 1935இல் பிஎம்டபிள்யூவின் ஆர்12இல் விற்பனைக்கு வந்தது. இன்று உங்கள் எக்ஸ்பல்ஸில் இருப்பதும் அதே அடிப்படைதான்.

நான் சொல்ல வந்தது உப்பு பற்றி. காசிமேடு, எண்ணூர், பழவேற்காடு என்று மூன்று இடத்திலும் கடல் காற்று. குரோம் பைப்பில் ஊசி முனை அளவுக்குத் துரு விழுந்தால் போதும், அது அரம் மாதிரி சீலின் உதட்டை அறுக்கும். புது சீல் போட்டுப் போட்டு மாளாது. இடது பக்கம் கசிகிறது என்கிறீர்களே தம்பி, சீலை மாற்றும் முன் ரப்பர் பூட்டை மேலே தள்ளிவிட்டு விரல் நகத்தால் பைப்பைத் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் துரு. சின்னதாக இருந்தால் 1200 நம்பர் நீர் உப்புத்தாளில் ஆயில் தொட்டுத் தேய்க்கலாம். சீல் ஓடும் பகுதியில் ஆழமாக இருந்தால் கடின குரோம் பூச்சு போட்டுச் சாணை பிடிக்க வேண்டும், அல்லது பைப்பையே மாற்ற வேண்டும்.

நகம் தட்டவில்லை என்றால் சீல் போகாமலும் இருக்கலாம். உதட்டுக்குள் மணல் சிக்கியிருக்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கொக்கி மாதிரி வெட்டி, டஸ்ட் சீலைக் கீழே இறக்கி, உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றி இழுங்கள். கருப்பாக மணல் வரும். பல கசிவுகள் அதோடு நின்றுவிடும். மணலில் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பூட்டுக்குள் ஈரம் தேங்கினால் வெளியே தெரியாமல் துரு ஏறும்.

இன்னொன்று. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். அலை ஓர மணலில் அந்த மாதங்களில் வண்டி இறக்காதீர்கள். தோப்பு மணல் போதும்.

#12 கொருக்குப்பேட்டை 450

நடுவுல ஒரு சந்தேகம், மன்னிக்கவும். நான் இன்னும் வண்டியே வாங்கல. 68 கிலோ, 5 அடி 6 அங்குலம். ஹிமாலயன் 450, எக்ஸ்பல்ஸ் 210, இல்லன்னா 200 4வி ப்ரோ. ஃபோர்க்கை மட்டும் வெச்சுப் பாத்தா எது?

#13 மாதவரம் டர்ட்

ஹிமாலயன் 450ல ஷோவா 43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க், முன்னாடி பின்னாடி ரெண்டும் 200 மி.மீ. உறுதியான ஃபோர்க், ஆனா வண்டி 196 கிலோ. மணல்ல விழுந்தா தனியா தூக்கிப் பாத்துட்டு முடிவெடுங்க. 210ல முன்னாடி 210, பின்னாடி 205. நம்ம ஊர் மணலுக்கும் வேலைக்குப் போறதுக்கும் உங்க உசரத்துக்கும் அது போதும். ப்ரோவுல 250, 220, முன்னாடி திருகி மாத்திக்கலாம். ஆனா சீட் உசரம் 891 மி.மீ. மணல்ல நின்ன இடத்துல கால் ஊனத் தரை எட்டலன்னா எவ்வளவு ஓட்டம் இருந்தும் விழத்தான் செய்வீங்க. ஷோரூம்ல சென்டர் ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு இல்லாம உக்காந்து பாருங்க.

காசிமேட்டு நண்பரே, ரேலி கிட்டுக்கும் இதே பதில். 250 மி.மீ. நல்ல சாமான். ஆனா முன்னாடியும் பின்னாடியும் சேர்த்தே உசத்தணும், நீளமான சைடு ஸ்டாண்டு வேணும். தினமும் எண்ணூர் டிராஃபிக்ல கண்டெய்னர் நடுவுல கால் ஊனி நிக்கிற ஆளுக்கு அந்த உசரம் சுமை. அதோட, எடைக்கு ஒத்த ஸ்பிரிங் இல்லாத 250ஐவிட ஒத்த ஸ்பிரிங் இருக்கிற 190 மேல்.

டியூக் ஃபோர்க்கை இன்னும் மனசுல வெச்சிருந்தீங்கன்னா, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் படிச்சுடுங்க. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துலேர்ந்து வண்டியை மாத்தறதுக்கு அதுல தடை இருக்கு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பாக்கறது அதைத்தான்.

#14 காசிமேட்டு ரைடர்

ஆறு வாரம் கழிச்சு எழுதறேன். தாமதத்துக்கு மன்னிக்கணும், ஒவ்வொண்ணா செஞ்சு ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாத்துட்டு எழுதணும்னு இருந்தேன்.

முதல் வாரம் போல்ட்டுங்களை லூஸ் பண்ணித் திரும்பப் பூட்டினது மட்டும்தான். காசு ஒண்ணும் செலவில்ல. 28 மி.மீ. வித்தியாசம் 11க்கு வந்துடுச்சு. எண்ணூர் ரோட்டுல அன்னைக்கே தெரிஞ்சுது, சின்னப் பள்ளத்துல ஃபோர்க் முன்ன மாதிரி தயங்கி நிக்கல. பெரியவர் சொன்னபடி பைப்பை நகத்தால தடவினேன், தட்டல. எக்ஸ்ரே ஃபிலிம் போட்டேன். அரை டீஸ்பூன் மணல் வந்துச்சு. கசிவு நின்னுடுச்சு.

ரெண்டாவது வாரம் மணலி அண்ணன்கிட்ட ஃபோர்க்கைப் பிரிச்சோம். ஆயில் பால் டீ நிறத்துல இருந்துச்சு. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்துல வண்டி ஒருநாள் முழுக்கத் தண்ணியில நின்னுது, தண்ணி அப்பவே உள்ள போயிருக்கு. அதோடயே இவ்வளவு நாள் ஓட்டியிருக்கேன். ரெண்டு பைப்பையும் கண்ணாடி மேல உருட்டிப் பாத்தார், வளைவு இல்ல. 4.2 கம்பியில சுத்தின ஸ்பிரிங்கும் புது ஆயிலும் போட்டோம். காத்து இடம் ரெண்டு காலிலும் ஒரே அளவு. மொத்தச் செலவு டியூக் ஃபோர்க்குக்குச் சொன்ன விலையில நாலுல ஒரு பங்குகூட வரல.

இப்ப அளவு: ஆளில்லாம 26, என்னோட 64.

பழவேற்காடு போனேன். தோப்பு மணல்ல மூன்றாவது கியர்ல நின்னுக்கிட்டே போனேன், ஹேண்டில் மடங்கவே இல்ல. முன்சக்கரம் மேல மிதந்து போறது எப்படி இருக்கும்னு இவ்வளவு வருஷத்துல இப்பதான் தெரியுது. பிரேக்குல கவுறது பாதியா குறைஞ்சுடுச்சு. 'டொம்' சத்தம் இதுவரைக்கும் ஒரு தடவைகூட வரல.

நாகலாபுரத்துல மட்டும் முழு திருப்தி இல்ல. ஓடைக்குள்ள கூர்மையான கல்லுல வேகமா ஏறினா இன்னும் கையில குத்துது. ஸ்பிரிங் கெட்டியானதால திரும்பி வரும்போது கொஞ்சம் துள்ளவும் செய்யுது. இதுக்கு என்ன வழி அண்ணே?

#15 ஒற்றியூர் மெக்கானிக்

துள்ளறது எதிர்பார்த்ததுதான். கெட்டி ஸ்பிரிங் வேகமா திருப்பித் தள்ளும், அதைப் பிடிச்சு நிறுத்த ரீபவுண்ட் கூடணும். இந்த ஃபோர்க்குல ரீபவுண்டை ஆயில் கெட்டித்தன்மையாலதான் கூட்ட முடியும். ஆனா ஆயிலைக் கெட்டியாக்கினா கல்லுல குத்தறதும் கூடும். நம்ம தங்கச்சிக்கு நடந்தது அதுதான். ஒரே ஓட்டையை வெச்சுக்கிட்டு ரெண்டு வேலையும் பாக்க முடியாது.

அதுக்குத்தான் எமுலேட்டர்னு ஒரு வால்வு. டேம்பர் ராட் தலைமேல உக்காரும், மெயின் ஸ்பிரிங்கே அதை அமுக்கிப் பிடிச்சுக்கும். கம்ப்ரெஷன் வேலையை அது எடுத்துக்கும். மெதுவா கவுறும்போது மூடியிருந்து தாங்கும், கல்லுல அடிச்சா அதுக்குள்ள இருக்கற குட்டி ஸ்பிரிங் அமுங்கித் திறந்து வழி வுடும். டேம்பர் ராட்ல பழைய கம்ப்ரெஷன் ஓட்டையோட எதிர்ப்பு குறுக்க வராம இருக்க, ஓட்டையைப் பெருசாக்கணும், பொதுவா 8 மி.மீ.யில ஆறு ஓட்டை. பிசிறு ஒண்ணுகூட இருக்கக்கூடாது. மேல இருக்கற ரீபவுண்ட் ஓட்டையைத் தொடவே கூடாது. அப்பால தைரியமா கொஞ்சம் கெட்டி ஆயில் ஊத்தலாம், ஏன்னா அது இப்ப ரீபவுண்டை மட்டும்தான் பாத்துக்கும்.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. எமுலேட்டர் ஸ்பிரிங்குக்குக் கீழ உக்காரறதால அது எவ்ளோ உசரமோ அவ்ளோ ஸ்பேசரை வெட்டணும். வெட்டாம வுட்டா பிரீலோட் ஏறும். மணலி தம்பி கணக்குப்படி உன் ஸ்பிரிங்குக்கு 6 மி.மீ.தான் மிச்சம், கட்டையா மூடிக்கும். ஓட்டை போட்ட ராடு பழையபடி ஆகாது, அதனால பழைய ராடு ஒரு செட் தனியா வாங்கி அதுல போட்டுக்கோ. இப்பவே அவசரப்படாத. இந்த ஸ்பிரிங்குல இன்னும் ரெண்டு தரம் நாகலாபுரம் போய்ட்டு வா. புது ஆயில் கொஞ்சம் ஓடட்டும்.

#16 பெரம்பூர் எக்ஸ்பல்ஸ்

அண்ணா, புக்குல சொன்ன ஆயில் ஊத்தி, ஸ்பேசர் 10 மி.மீ. வெட்டியாச்சு. வீட்டு வாசல்லயே வெச்சு நானும் அக்காவும்தான் செஞ்சோம். ஸாக் இப்ப 49. நேத்து மணலி புதுநகர் வரை போயிட்டு வந்தேன், கை மரக்கல. இன்னும் ஒரு 5, 6 மி.மீ. வெட்டலாமா, இல்ல இதோட விடலாமா?

#17 ஒற்றியூர் மெக்கானிக்

விடு தங்கச்சி. 49 உனக்குச் சரியா கீது. தாரும் மண்ணும் கலந்து ஓட்டறவங்களுக்கு கால் பங்கு போதும், மணல்ல எறங்கினா மட்டும் மறுபடி கேளு. 500 கி.மீ. ஓட்டிட்டு மேல மூடியும் டி போல்ட்டும் ஒருதரம் ஸ்பேனர் வெச்சுப் பாத்துடு.